தலையாட்டாத அக்கா

அந்தக் குரலை முதன்முதலாகக் கேட்டபோது எனக்கு வந்தது எரிச்சல்தான். பொய் சொல்வானேன்.

கம்பஸில் முதல் வாரம். கணினித் தகவல் முறைமைகள் என்று நீளமாகப் பெயர் வைத்த பட்டப்படிப்பு. மண்டபம் நிறையப் பிள்ளைகள். தேயிலை, றப்பர் தோட்டங்களிலிருந்து வந்தவர்களை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். லெக்சரர் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார், அவசரத்தில் சிங்களத்துக்குத் தாவினார், மறுபடி ஆங்கிலத்துக்கு வந்தார். பலகை நிறைய எழுதித் தள்ளிவிட்டுத் திரும்பி, "தேருணாத?" என்று கேட்டார். விளங்கியதா என்று கேட்கிறார். மண்டபமே தலையை ஆட்டியது. நானும் ஆட்டினேன். எனக்கு ஒரு வரிகூட விளங்கவில்லை, ஆனாலும் தலை தன் பாட்டுக்கு ஆடியது. அப்போதுதான் என் பக்கத்தில் இருந்தவள் எழுந்து நின்றாள்.

"சேர், நொட் கிளியர்."

பின் வரிசையில் சிரிப்பு. லெக்சரர் எந்த இடம் என்று கேட்டார். முதலிலிருந்து என்றாள். நான் அவளுடைய பாவாடையைப் பிடித்து இழுத்தேன். இரண்டே தமிழ்ப் பிள்ளைகள் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறோம், அதில் ஒன்று இப்படி மானத்தை வாங்குகிறதே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவள் உட்காரவில்லை. அவர் மறுபடி சொன்னார். மறுபடியும் நொட் கிளியர். மூன்றாவது தடவை அவரே பலகையைத் துடைத்துவிட்டு வேறு மாதிரி சொன்னார். அப்போது எனக்கும் விளங்கியது. அந்த நன்றிகூட அன்றைக்கு எனக்கு வரவில்லை.

அன்றிலிருந்து கம்பஸ் முழுக்க அவளுக்கு 'நொட் கிளியர் அக்கா' என்று பெயர். எங்களைவிட மூன்று வயது மூத்தவள், அதனால் அக்கா. சிங்களப் பிள்ளைகளும் அக்கே என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் தேடிப் பார்ப்பீர்கள், அவளுக்கு அது பிடிக்காது.

பெரட்டுக்களம் தெரியாதவர்களுக்கு இந்தத் தலையாட்டல் பிடிபடாது. காலையில் ஆட்களைக் கூட்டி வைத்து, யார் எந்த மலைக்கு, என்ன வேலை என்று கங்காணி சொல்லும் இடம் அது. அவர் சொல்வார், நாங்கள் 'சரிங்க' என்போம். எந்தப் பக்கம், எதுவரைக்கும் என்று திருப்பிக் கேட்டால் காது செவிடா என்று விழும். அதனால் முதலில் ஒரு சரிங்க. பிறகு போகிற வழியில் பக்கத்தில் வருகிறவளிடம் "என்னாடி சொன்னாரு" என்று கேட்டுக்கொள்வது. எங்கள் அம்மா அப்படி, அத்தைமார் அப்படி. மலையில் ஒரு நாள்கூட வேலை செய்யாத எனக்கும் அது ஒட்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் சரிங்க, போஸ்ட் ஒபீஸில் சரிங்க, பள்ளிக்கூடத்தில் சரிங்க சேர்.

அக்காவிடம் மட்டும் அது எப்படி இல்லாமல் போனது என்று ஒரு நாள் கேட்டேன். அவளும் தோட்டத்துப் பிள்ளைதான். பெல்மதுளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். பெரிய கதை ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரித்தாள். கம்பஸுக்குள் நுழைய எழுதுகிற ஏ.எல். பரீட்சைக்கு முதல் தடவை படித்தபோது கணக்கு வாத்தியாருக்கு இரண்டு வருடம் தலையாட்டினாளாம், பெயிலாகிப் போனாளாம். பிறகு கொழும்புப் பக்கம் கார்மென்ட்டுக்கு, உடுப்புத் தைக்கிற தொழிற்சாலைக்குப் போனாள். அங்கே சுப்பவைசர் கொலர் தைக்கிறதை ஒரே ஒரு தடவை காட்டிவிட்டு விளங்கியதா என்றார். ஆட்டினாள். பகல் சாப்பாட்டுக்குள் நாற்பது கொலரை உள்பக்கம் வெளியே வரத் தைத்து அடுக்கி வைத்திருந்தாளாம்.

"நாப்பதையும் நானே ஒக்காந்து பிரிச்சேன் புள்ள. பிரிக்கிறப்ப நெனச்சுக்கிட்டேன், இனிமே இந்தக் கழுத்து சும்மா ஆடாதுன்னு." அவ்வளவுதான் அவள் சொன்ன காரணம். கார்மென்ட் விடுதியில் இருந்தபடியே ஏ.எல்.லை மறுபடி எழுதி, அதுவும் போதாமல் மூன்றாவது தடவை எழுதி, கம்பஸுக்கு வந்து சேர்ந்தாள்.

குள்ளமான உருவம். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய ஒற்றைச் சடை. அவள் ஊர்ப் பக்கத்து இரத்தினபுரி மழையைப் பற்றித் தெரிந்தவர்கள் யாரும் சிரிக்கமாட்டார்கள், ஆனால் அவள் குடையைப் பார்த்து நாங்கள் சிரித்தோம். மூன்று பேர் ஒதுங்கலாம், அவ்வளவு பெரிது. கணினியில் கை வைப்பதற்கு முன்பு எல்லாவற்றையும் பென்சிலால் தாளில் எழுதிப் பார்ப்பாள். நான் டக்டக்கென்று தட்டி, பிழை வந்தால் திட்டி, மறுபடி தட்டுகிற ரகம். அவளோ தாளில் வரிவரியாக விரல் வைத்து, இப்போ இது இங்கே போகுது, இப்போ இது ரெண்டாகுது என்று முணுமுணுத்துக்கொண்டே போவாள். பார்த்துக்கொண்டிருந்தால் நமக்குத்தான் தலை வெடிக்கும்.

விடுதியில் அவள் அறைக்குக் கூட்டம் சேரும். வகுப்பில் சிரித்தவர்கள்தான் பின்னேரத்தில் கொப்பியைத் தூக்கிக்கொண்டு அவளிடம் வருவார்கள். சிங்களப் பிள்ளைகளும் வருவார்கள். அவர்களுக்குச் சிங்களத்தில், எங்களுக்குத் தமிழில். டேட்டாபேஸில் 'கீ' என்றால் என்ன என்று எனக்கு மூன்று வாரம் ஏறவில்லை. அவள் சொன்னாள், "எங்க லயத்து வீட்டு வரிசையில மூணு ராமாயி இருக்கு. பெரட்டுல ராமாயின்னு கூப்புட்டா எந்த ராமாயி போகும்? அதான் ஆளுக்கொரு நம்பர் போட்டிருக்கு. அந்த நம்பர்தான் கீ. இப்ப நீ சொல்லு பாப்போம்." இந்தச் 'சொல்லு பாப்போம்' இல்லாமல் அவளிடமிருந்து தப்பவே முடியாது. விளங்கியது அக்கா என்று எழும்பப் பார்த்தால் கையைப் பிடித்து உட்கார வைப்பாள். நம் வாயால் திருப்பிச் சொன்னால்தான் விடுவாள். எத்தனை பேர் அவளிடம் கோபித்துக்கொண்டு போயிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நானே இரண்டு தடவை போயிருக்கிறேன்.

அவளோடு வெளியே போவதும் ஒரு கூத்துதான். பஸ்ஸில் கொண்டக்டர் ஏதோ சொன்னால் அந்த மனுசன் நான்கு தடவை சொல்லி முடிக்கும்வரை நான் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் பூசாரி மந்திரம் சொல்லி முடித்ததும், ஐயா இதுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டிருக்கிறாள். பாவம் அவருக்கும் தெரியாது. கோபத்தில் இவள் தட்டுக்குத் திருநீறே கொடுக்கவில்லையாம். அம்மா தொடையில் கிள்ளியது ஒரு வாரம் கறுத்துக் கிடந்தது என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த அம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அக்காவுடைய அப்பாவுக்கு மூச்சு இழுப்பு. வேலைக்குப் போய் வருடக்கணக்காகிவிட்டது. அம்மா ஒருத்திதான் கொழுந்து பறிக்கப் போகிறாள். தோட்டத்து வேலையில் பெயர் உள்ள ஆள் இருக்கும்வரைதான் லயத்துக் காம்பரா, அந்த வரிசை வீட்டின் ஒற்றை அறை, தங்கள் கையில் என்ற பயம் எங்கள் எல்லா வீட்டிலும் உண்டு. அம்மாவுக்கு முழங்கால் வீங்கி, மலையிலிருந்து இறங்கும்போது பின்பக்கமாக நடந்து இறங்குவாளாம். நாலாவது வருடம் தொடங்கியபோது அக்கா அம்மாவுக்கு ஒரு வாக்குக் கொடுத்தாள். இந்த வருடத்தோடு படிப்பு முடிகிறது, முடிந்ததும் வேலை, வேலை கிடைத்ததும் நீ மலைக்குப் போகக்கூடாது. அதை என்னிடம் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. சுவரில் பென்சிலால் எதையோ கிறுக்கிக்கொண்டே சொன்னாள்.

நாலாவது வருடம் என்றால் புரொஜெக்ட். இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து, நிசமான ஆட்களுக்கு நிசமாகவே உதவுகிற ஒரு சிஸ்டம் செய்யவேண்டும். முடிந்ததும் அதைப் பாவிக்கிற, பயன்படுத்துகிற ஆட்கள் ஒரு படிவத்தில் திருப்தி என்று கையெழுத்துப் போடவேண்டும். அதை வைத்துத்தான் வைவா என்கிற வாய்மொழிப் பரீட்சை. என்னோடு சேரப் பலர் கேட்டார்கள், நான் வேகமாக எழுதுவேன் என்று பெயர். நான் அக்காவைக் கேட்டேன். எதற்காக என்று இன்றைக்கும் சரியாகத் தெரியாது. அவள் பக்கத்தில் இருந்தால் பெயிலாகமாட்டேன் என்ற சுயநலமாகத்தான் இருக்கும்.

எங்கள் தோட்டத்துக் கிளினிக்கை எடுத்தோம். எங்களுடையது கித்துல்கலப் பக்கம், றப்பர் தோட்டம். மாதத்தில் இரண்டு நாள் மருத்துவமாது வருவார். மிஸ் என்று கூப்பிடுவோம். பிள்ளைத்தாய்ச்சிகளையும் கைக்குழந்தைகளையும் பார்ப்பார், ஊசி போடுவார். ஆட்கள் நாளை மறந்துவிடுவார்கள். விடிய றப்பர் மரத்துப் பால்வெட்டுக்குப் போனால் வேறு ஞாபகம் எங்கே வரும். அதனால் கிளினிக் நாளுக்கு முந்தின நாள் ஒவ்வொருவருடைய போனுக்கும் தமிழில் ஒரு மெசேஜ் போகவேண்டும். வருவேன் என்றால் ஒன்று, நாள் மாற்றவேண்டும் என்றால் இரண்டு என்று பதில் அனுப்பவேண்டும். யோசனை என்னுடையது. ஆட்களுடைய விபரங்களை ஒழுங்குபடுத்துகிற பக்கத்தை அக்கா செய்தாள், மெசேஜ் பக்கத்தை நான் செய்தேன். என்னுடைய போனில் பார்த்தேன், அழகாக வந்தது.

சோதித்துப் பார்க்கிற வாரம் அக்காவுக்குக் காய்ச்சல். என் ஊர்தானே என்று நானே தனியாகப் போனேன். பன்னிரண்டு பெண்கள். அதில் என் அண்ணியும் ஒருத்தி; அண்ணனுடைய மனைவி, அப்போது வயிற்றில் ஏழு மாதம். கிளினிக் வாசலில் எல்லோரையும் உட்கார வைத்து, வாய் வலிக்க விளக்கம் சொன்னேன். எல்லோருக்கும் மெசேஜ் அனுப்பினேன். வந்துச்சா என்று கேட்டேன். வந்துச்சுங்க என்றார்கள். எப்படி இருக்கு என்று கேட்டேன். நல்லாருக்குங்க. சரிங்களா? சரிங்க. கம்பஸ் போன பிள்ளை, லயத்துக்கே பெருமை, யார் என்னை மறுத்துச் சொல்லப்போகிறார்கள். பன்னிரண்டு கையெழுத்தும் பத்து நிமிடத்தில் விழுந்தன. பதில் யாரும் அனுப்பவில்லை. சிக்னல் இல்லை போல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை படிவத்தை அக்காவிடம் நீட்டினேன். வெள்ளிக்கிழமை புரொஜெக்ட்டை ஒப்படைக்கவேண்டும். இரண்டு பேரும் கையெழுத்துப் போடவேண்டும். அக்கா பன்னிரண்டு பெயரையும் வாசித்தாள். பிறகு, நான் பாக்கலையே புள்ள என்றாள். எதைப் பார்க்கவேண்டும் என்று கேட்டேன். "வந்தத பாக்கணும்" என்றாள். அடுத்த நாளே, காய்ச்சல் முழுதாக விடாத உடம்போடு, அந்தக் குடையையும் எடுத்துக்கொண்டு என்னோடு பஸ் ஏறினாள்.

லயத்துக்கு வந்ததும் அவள் ஒருத்தரிடமும் எதுவும் கேட்கவில்லை. போனைக் கொஞ்சம் காட்டுங்கக்கா என்று மட்டும் சொன்னாள். முதல் போன், பழைய பட்டன் போன். நான் அனுப்பிய மெசேஜைத் திறந்தாள். திரை முழுக்கக் கட்டம் கட்டமாக இருந்தது. ஒரு எழுத்து இல்லை. அந்தப் போனில் தமிழ் எழுத்தே கிடையாது, அதனால் எழுத்துக்கு ஒரு கட்டமாகப் போட்டு நிரப்பியிருந்தது. இரண்டாவது போனும் கட்டம். மூன்றாவது போன் புருசனோடு கொழும்பில் இருந்தது; அவளும் அன்றைக்கு வந்துச்சுங்க என்றுதான் சொல்லியிருந்தாள். பன்னிரண்டில் ஒன்பது பட்டன் போன். ஒன்பதிலும் கட்டங்கள். எங்கள் பக்கத்துக் காம்பரா மாரியக்கா சொன்னாள், "கொழும்பு மெசேஜ்னா இப்பிடித்தான் வரும்னு நெனச்சோம். நல்லா வரிசையாத்தானே இருந்துச்சு."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்த வெட்கம் ஐந்து நிமிடத்தில் கோபமாக மாறியது. என் வெட்கம் எப்போதும் அப்படித்தான். பஸ்ஸுக்கு நிற்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒரே குடைக்குள் நின்றுகொண்டு சண்டை போட்டோம். வெள்ளிக்கிழமைக்குள் இதைத் திருத்த முடியாது என்றேன். எழுத்து வேண்டாம், குரலில் போகவேண்டும், போன் அடித்து ஆள் பேசுகிற மாதிரி வரவேண்டும் என்றாள் அக்கா. அது மாதக்கணக்கான வேலை. எனக்குக் கொழும்பில் ஒரு கம்பனி வேலை தருவதாகச் சொல்லியிருந்தது, பெறுபேறு வந்ததும் சேரவேண்டும். கையெழுத்து இருக்கிறது, சிஸ்டம் ஓடுகிறது, மெசேஜ் போகிறது. யார் வந்து போனைத் திறந்து பார்க்கப்போகிறார்கள்?

"பாஸ் பண்ணிட்டு வந்து திருத்திக் குடுப்போம்கா. நான் சத்தியமா வர்றேன்."

"வரமாட்ட புள்ள. பாஸ் பண்ணுனதுக்கு அப்புறம் நீ எதுக்கு வரப்போற?"

"அப்ப உங்க அம்மாவுக்கு என்னா சொல்லுவீங்க? இன்னொரு வருசம் மலை ஏறச் சொல்லுவீங்களா?"

அதை நான் சொல்லியிருக்கக்கூடாது. சொல்லிவிட்டேன். அவள் ரோட்டில் ஓடுகிற தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண் கலங்கியது எனக்குத் தெரிந்தது. "அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றாள். "இதுல என் கையெழுத்து விழாது. நீ போட்டுக் குடு. உன் பக்கத்த நீதான் எழுதுன, அத நான் தடுக்கல. என் பேர எடுத்துரு. நான் அடுத்த வருசம் செய்யிறேன்."

அவளே லெக்சரரிடம் போய்ப் பேசினாள். புரொஜெக்ட்டைத் தள்ளிப்போட்டால் அந்தப் பாடத்தில் சாதாரணச் சித்திக்கு, அதாவது 'சி'க்கு மேல் கிடைக்காது என்பது விதி. அதைக் கேட்டுக்கொண்டு, எழுதியும் கொடுத்தாள். நான் தனியாக ஒப்படைத்தேன். வைவாவில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாவிப்பவர்கள் திருப்திதானா என்று கேட்டார்கள். யெஸ் சேர் என்று பன்னிரண்டு கையெழுத்தையும் நீட்டினேன். ஒருவர் தாளைத் தூக்கிப் பார்த்து வெரி குட் என்றார். எனக்கு 'ஏ' கிடைத்தது. வெளியே வந்து, விடுதிக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு கொழும்புக்குப் போனேன். எங்கள் கிளினிக்கில் என் சிஸ்டத்தை ஒரு நாள்கூட யாரும் திறக்கவில்லை. அக்கா சொன்ன மாதிரியே திருத்த நான் வரவுமில்லை.

அந்த ஒரு வருடம் அவள் செய்ததை எல்லாம் நான் என் அம்மா வாயிலாகத்தான் கேட்டேன். சனிக்கிழமை தோறும் விடிய எழும்பி, பெல்மதுளைக்கு இறங்கி, இரத்தினபுரியில் ஒரு பஸ், அவிசாவளையில் ஒரு பஸ் என்று மாறி மாறி எங்கள் தோட்டத்துக்கு வந்திருக்கிறாள். இரவு எங்கள் வீட்டில்தான் படுக்கை, என் பாயில். ஒன் பிரெண்டு வந்திருக்கு என்று அம்மா போனில் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பொறாமையும் வெட்கமும் ஒன்றாக வரும். பேசுகிறாயா என்று அம்மா கேட்பாள். வேலை இருக்கிறது, பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிடுவேன்.

பால்வெட்டு முடிந்து பெண்கள் வந்து குளித்து, தேத்தண்ணி குடிக்கிற நேரமாகப் பார்த்து வீடு வீடாகப் போவாளாம். அவளே தன் குரலில் பதிவு செய்ததைப் போட்டுக் காட்டுவாளாம். நான் தேதி போட்டு எழுதியிருந்தேன். தேதி சொன்னால் யாருக்கும் தங்கவில்லை, கிழமை சொன்னால்தான் தங்குகிறது என்று கண்டுபிடித்து எல்லாவற்றையும் மாற்றினாளாம். கேட்டு முடித்ததும் இப்ப சொல்லுங்க பாப்போம் என்பாளாம். முதல் இரண்டு மாதம் பெண்கள் அவளைக் கண்டதும் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். இந்தப் புள்ள பரீட்சை வைக்குது என்று மாரியக்கா வாழைக்கொல்லைக்குள் போய் ஒளிந்தாளாம். அக்கா அங்கேயும் போய் நின்றாளாம், குடையோடு.

அங்கே அவளுடைய அம்மா இன்னொரு வருடம் மலை ஏறினாள். அதையும் எழுதாமல் விட்டால் இது பொய்க்கதையாகிவிடும். இடையில் ஒரு தடவை வழுக்கி விழுந்து பத்து நாள் படுக்கையில் இருந்தாள் என்று கேள்விப்பட்டேன். அந்தச் சனிக்கிழமையும் அக்கா எங்கள் லயத்துக்கு வந்தாளாம். தன் அம்மாவே போகச் சொன்னாள் என்று சொன்னாளாம். எனக்கு அது சரியா பிழையா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

அவளுடைய வைவாவைப் பற்றி ஒரு ஜூனியர் பிள்ளை சொன்னது. அதே மாதிரி மூன்று பேர், அதே கேள்வி. பாவிப்பவர்கள் திருப்திதானா? அக்கா, "நோ சேர்" என்றாளாம். எந்த மாதத்தில் யார் யார் விளங்கவில்லை என்று சொன்னார்கள், எந்த இடத்தில் சொன்னார்கள், அதற்குப் பிறகு தான் எதை மாற்றினாள் என்று பக்கம் பக்கமாக எடுத்து மேசையில் வைத்தாளாம். கையெழுத்துப் படிவம் எங்கே என்று கேட்டபோது அது கடைசிப் பக்கத்தில் இருக்கிறது, ஆனால் அதை நம்ப வேண்டாம் சேர் என்றாளாம். பாஸ். விதிப்படி 'சி'. என்னுடையது 'ஏ'.

பட்டமளிப்பில் அவள் நடந்து போன படத்தை யாரோ அனுப்பியிருந்தார்கள். கீழே நாற்காலியில் அவளுடைய அம்மா, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அடுத்த மாதமே அக்காவுக்கு எம்பிலிப்பிட்டியவில் வேலை கிடைத்தது. அம்மாவையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு அங்கேயே வாடகை வீட்டுக்குப் போய்விட்டாள். காம்பராவைத் தோட்டத்துக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்று கேட்டபோது, அந்த வீட்டில் யாருக்கும் இனி மலை இல்லை என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அவளுக்கு ஒரு வாழ்த்துக்கூட நான் அனுப்பவில்லை.

போன தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். அண்ணி வாசலில் உட்கார்ந்து பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பழைய பட்டன் போன் பக்கத்தில் கிடந்தது. எனக்கு நெஞ்சில் இத்தனை நாள் கிடந்ததைக் கேட்டுவிடவேண்டும் போல இருந்தது.

"அண்ணி, அன்னிக்கு எல்லாம் கட்டமா வந்துச்சே, எங்கிட்ட ஏன் சொல்லல?"

அண்ணி பிள்ளையின் வாயைத் துடைத்தாள். "நீ வந்துச்சான்னுதானே கேட்ட. வந்துச்சுல்ல."

அவள் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கமுடியவில்லை. அடுத்த வாய்ச் சோற்றை உருட்டும்போது போன் அடித்தது. அண்ணி இடது கையால் அமுக்கி, சத்தத்தைக் கூட்டி வைத்தாள். அக்காவுடைய குரல். "கிளினிக்ல இருந்து பேசுறோம். வர்ற புதன்கெழம காலையில பிள்ளைய கூட்டிக்கிட்டு வாங்க. ஒரு ஊசி இருக்கு. வெளங்கிச்சுன்னா ஒண்ண அமுத்துங்க. வெளங்கலன்னா ரெண்ட அமுத்துங்க. வெக்கப்பட வேணாம்."

அண்ணி இரண்டை அமுக்கினாள். குரல் மறுபடி சொன்னது, இந்தத் தடவை இன்னும் மெதுவாக. அண்ணி மறுபடியும் இரண்டை அமுக்கினாள்.

புதன்கிழமை ஊசி, இதில் என்ன விளங்கவில்லை என்று கேட்டேன். என் குரலில் கொஞ்சம் எரிச்சல் இருந்தது எனக்கே கேட்டது.

"மொதத் தடவையே வெளங்கிருச்சு" என்றாள் அண்ணி. "சும்மாதான் அமுத்துறேன். எத்தன தடவ கேட்டாலும் கோவிக்காம சொல்லுதுல்ல, அதுக்காக."

அண்ணி மூன்றாவது தடவையும் இரண்டை அமுக்கிவிட்டு, போனைப் பிள்ளையின் காதில் வைத்தாள்.